தகுதிச் சான்றிதழ்

படிவத்தை மேசைமேல் வைத்தார் சவரிநாதன்.
ஓரத்தில் டீக்கறை. வயது என்ற கட்டத்தில்
நாற்பத்தொன்பது எழுதி, அடித்து,
மறுபடி நாற்பத்தொன்பதே எழுதியிருந்தார்.

அல்சூரில் என் கிளினிக்குக்கு
சர்க்கரைக்கு வருவார்கள், முட்டிவலிக்கு வருவார்கள்.
குத்துச்சண்டைக்கு யாரும் வந்ததில்லை.

'சும்மா ஒரு கையெழுத்து, டாக்டர்.
ஒயிட்ஃபீல்டு மால்ல ஆறு ரவுண்டு.
ரெண்டு நிமிஷ ரவுண்டுதான்.'
ஏடிஎம் வாசலில் பதினோரு வருஷம் நின்ற கால்கள்
நாற்காலிக்கடியிலும் சும்மா இல்லை.
இடது முன்னே, வலது பின்னே,
எடையை மாற்றி மாற்றி.

ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். நின்றார்.
கண்ணை மூடச் சொன்னேன்.
மூடியதும் சுவர் அவரிடம் வந்தது.
'தரை சரியில்ல' என்றார்.

மூன்று சொல் சொல்கிறேன், பிறகு கேட்பேன்:
ஆரஞ்சு. சாவி. ரயில்.
அதற்குள் அவர் ஹைதராபாத்துக்குப் போய்விட்டார்,
தொண்ணூற்றெட்டு, ரெஜிமெண்ட் பனியன்,
அசாம்காரன் ஒருவனின் இடது விலா,
மூன்றாவது ரவுண்டு, ஒரு நிமிஷம் நாற்பது வினாடி.
அன்று காலை என்ன சாப்பிட்டார், கையுறையை யார் கட்டியது,
எந்த வரிசையில் யார் கைதட்டவில்லை.
பிறகு கேட்டேன். ஆரஞ்சு, ரயில் என்றார்.
நடுவில் ஒன்று இருந்ததே.
'நீங்க ரெண்டுதான் சொன்னீங்க.'

சட்டையைத் திரும்பப் போட்டார்.
மூன்றாவது பொத்தான்.
விரல்கள் துரத்தின, அது நழுவியது,
அவர் காலத்தில் அவர் நழுவியதைப்போல.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வெளியே ஓர் ஆட்டோ ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.
எடுத்து முடிக்கும்வரை பார்த்தேன்.

கையெழுத்துப் போடவில்லை.
தலையைப் படமெடுத்து வாருங்கள் என்று
நிமான்ஸுக்குச் சீட்டு எழுதினேன்.
பஸ் டிக்கெட்டைப்போல மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
சிவாஜிநகரில் ஐந்நூறு ரூபாய்க்கு
வேறொரு பேனா இருந்தது.

எதற்குப் போனேன் தெரியவில்லை. மெட்ரோவில் போனேன்.
மூன்றாம் மாடி. செருப்புக் கடைக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே வளையம்.
எஸ்கலேட்டரில் வருகிறவர்களுக்கு
முதலில் இரண்டு தலைகள் தெரிந்தன,
பிறகு தொப்பைகள்.
எதிரே தர்மபீர், ரோத்தக், ஐம்பத்தொன்று,
முட்டிக்கு உறை போட்டிருந்தார்.

சவரிநாதன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
அதிகம் அடிபடாமல், புள்ளிக்கணக்கில்.
என்னிடம் இருந்த மருந்து அதுதான்.

நான்காவதில் இருவரும் கட்டிப்பிடித்து நின்றார்கள்.
நடுவர் இரண்டு முறை பிரித்துவிட்டார்.
ஐந்தாவதில்
பொத்தானைப் பிடிக்கத் தெரியாத அந்தக் கை
ஒரு பழைய முகவரியைக் கண்டுபிடித்தது.
தர்மபீர் விழவில்லை. உட்கார்ந்தார்,
சாப்பாட்டுக்கு உட்கார்வதுபோல.
பத்துவரை எண்ணினார்கள்.

மைக் நீட்டினார்கள்.
வீங்கிய உதட்டோடு கூட்டத்தைத் துழாவி
என்னைப் பிடித்துவிட்டார்.
'சாவி!' என்று கத்தினார். 'சாவி, டாக்டர், சாவி!'
யாரோ பெண்ணின் பெயரென்று கூட்டம் விசிலடித்தது.
மால் காவலாளி ஒருவர்
தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் வந்தார்.
புதுப் படிவம். எட்டு ரவுண்டு.
கண்ணுக்குக் கீழே மஞ்சள் இன்னும் வடியவில்லை.
தலைப் படம்?
'அடுத்த மாசம்.'
இந்த முறை டீ-ஷர்ட்,
பொத்தானே இல்லாதது.
காலில் செருப்பு, லேஸ் கட்ட வேண்டாதது.
அடி எங்கிருந்து வரும் என்று தெரிந்தவர்.

பேனாவை மூடினேன், திறந்தேன்.
நான் சொல்லாமலே
சுவரைவிட்டுத் தள்ளி ஒற்றைக் காலில் நின்றார்.
'கேளுங்க' என்றார்.
மூன்று புதுச் சொற்கள் தேடினேன்.
நாக்கில் வந்ததெல்லாம் சாவி.