பதினோரு இரவுகள்

ஸ்ட்ராம்னஸ் துறையில், பயணச்சீட்டு ஜன்னலுக்குக் கீழே
ஓர் அட்டைப்பெட்டி. முன்பு வாழைப்பழம் வந்த பெட்டி.
பக்கவாட்டில் என் கையெழுத்து:
தீர்ந்த மைக்கூடுகளை இதில் போடவும்.
அபர்டீனுக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களின்
வீட்டாருக்கு ஒரு படுக்கை.
மழை நாளில் சிலர் ஈரக் குடையைப் போடுவார்கள்.
ஒருமுறை பாதி தின்ற சாண்ட்விச்.

மாதக் கடைசியில் கொட்டிப் பிரிப்பேன்.
மை தீர்ந்த பின்னும் விடாது:
நகக்கண்ணில் நீலம், சட்டைக் கையில் சிவப்பு,
கொலை செய்தவன் போல வீட்டுக்குப் போவேன்.
பள்ளியிலிருந்து நாலு வரும்,
வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒன்பது
(ஊரில் சண்டை குறையவில்லை),
மீன் ஏலக்கூடத்துக் கூடுகளில் செதில் ஒட்டியிருக்கும்.

என் தலைக்குப் பின்னால் சுவரில் விலைப்பட்டியல்.
சிலதுக்கு ஐம்பது பென்ஸ், சிலதுக்குப் பத்து.
பட்டியலில் இல்லாததற்கு ஒன்றும் கிடையாது;
உருக்குவதற்கு எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

தோரா இஸ்பிஸ்டர் வெள்ளிக்கிழமை வருவாள்,
நாலே முக்கால் படகுக்கு முன்னால்.
கோட்டுப் பையிலிருந்து ஒன்றே ஒன்று எடுப்பாள்,
முட்டையைப் போலச் செய்தித்தாளில் சுற்றி.
பிரிண்டர் மேன்சி வாங்கியது, ஏதோ தள்ளுபடியில்.
அந்தக் கம்பெனியே இப்போது இல்லை.
மை மட்டும் எங்கிருந்தோ தபாலில் வருகிறது.
மேன்சியும் இல்லை.

"ஐம்பத்தாறு போட்டால் ஓர் இரவுக்கு ஆகிறதாமே.
நான் அங்கே பதினோரு இரவு படுத்தேன்,
ஜன்னலோரக் கட்டில். யாரும் காசு கேட்கவில்லை."
அறுநூற்றுப் பதினாறு. வாரத்துக்கு ஒன்று.
"பன்னிரண்டு வருஷம். ஆகட்டும்,
எனக்கு ஐம்பத்து மூன்றுதானே."

உன் கூடு பட்டியலில் இல்லை தோரா என்று
அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.
வாய் வரை வந்தது. படகு ஊதியது.

வாரம் ஒரு கூடு தீர வேண்டுமென்றால்
ஒற்றை ஆள் வீட்டில் அச்சடிக்க என்ன இருக்கிறது?
ஊராரிடம் கேட்டு வாங்கினாள்.
காணாமல் போன பூனை, இடது காது கிழிந்தது.
விற்பனைக்கு: ஆட்டுக்கிடாய், குத்தாது.
தேவாலய சூப் மதியம், பருப்பு அல்லது லீக்.
ஹாரல்ட் லின்க்லேட்டரின் மன்னிப்புக் கடிதம்,
மூன்று திருத்தங்களோடு, மூன்று முறை.
கடைத்தெருவில் ஒரு கதவு பாக்கியில்லை.
பூனை கிடைத்துவிட்டது; சுவரொட்டி இன்னும் இருக்கிறது,
பூனை அதன் கீழேதான் தூங்குகிறது.

அவள் போனதும் ஒவ்வொரு வெள்ளியும்
என் பையிலிருந்து ஐம்பது பென்ஸ் எடுத்து
நிதி டப்பாவில் போடுவேன்.
தர்மம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பயம்.
ஒருநாள் சொன்னதை மறுநாள் திருத்த முடியும்,
சொல்லாததை எப்படித் திருத்துவது?

பிப்ரவரியில் ஒரு புயல். படகு இல்லை.
அவள் அவசரமில்லாமல் நின்றாள்,
என் தலைக்கு மேலாகப் படித்துக்கொண்டே.
மேலிருந்து கீழ். மறுபடி மேலிருந்து.
நான் எண்ணி முடித்த சில்லறையை எண்ணினேன்.

"கதவைச் சாத்தும்போதெல்லாம் ஒரு காசு விழும்," என்றாள்.
"இந்த ஆபீஸின் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன்."
கூட்டைக் குலுக்கிப் பார்த்தாள்.
உள்ளே நனைந்த பஞ்சு அசைந்தது.
பெட்டியில் போட்டாள். பக்கத்தில், மேஜைமேல்,
ஐம்பது பென்ஸ் வைத்தாள்.
"என்னுடையதை நான் போடுகிறேன், எர்லெண்ட்.
நீ போட்டது உன் கணக்கு."
காற்றைத் தோளால் தள்ளிக்கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளி ஒரு தாள் கொண்டுவந்தாள், பூப்பார்டர் போட்டது.
எர்லெண்ட் ஃப்ளெட். எழுபத்து மூன்று வாரம்.
ஓர் இரவும், மேற்கொண்டு பதினேழு கூடும்.
நீலம் தீரும் நேரத்தில் அடித்திருக்கிறாள்,
என் பெயர் பாதியிலிருந்து இளஞ்சிவப்பு.
எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை.
பட்டியலின் மேல் ஒட்டினேன்.