துளை எண் ஏழு

நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில்
பாறையின் சத்தம் மாறியது.
லீவரிலிருந்து கையெடுக்காமல் யாக்கோபு
"மேடம், மெத்துன்னு போகுது" என்றார்.
அதுவரை கடித்துக்கொண்டிருந்த வைரப்பல்
கேழ்வரகுக் களியில் விரல்போல் இறங்கியது.

வந்ததைப் பெட்டியில் அடுக்கினேன்.
மேலே கறுப்பு. எப்போதோ லாவா.
பிறகு ஆழத்தில் வெந்து, நசுங்கி, மறுபடி வெந்து
தன் பெயரை மறந்த கல்.
சுத்தியல் பட்டால் கண்ணாடியாய் உடையும்;
உடைந்த இடம் உடைந்தபடியே நிற்கும்.
அதனுள் கட்டைவிரல் அகலத்தில் வெள்ளைப் படிகம்,
அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல்.

கீழே, எரிமலைச் சாம்பல் படிந்த அடுக்கு;
இப்போது அப்பிரகம், நகம் வைத்தால் உரியும்.
அதே வெடிப்புதான்.
இதற்குள் நுழைந்ததும் மயிரிழைகளாய்ப் பிரிந்து,
தடுமாறி,
முழம் தாண்டுவதற்குள் காணாமல் போயிருந்தது.

நீர் ஒன்றுதான் இரண்டிலும்.
கொதிக்க இடமில்லாத சூட்டில்
கந்தகத்தின் கைபிடித்துப் பொன்னைச் சுமக்கும் நீர்.
கல் சட்டென்று வாய் திறந்த இடத்தில்
அழுத்தம் விட்டுப் பொங்கியிருக்கும்,
சுமையை அங்கேயே போட்டிருக்கும்.
அல்லது சுவரிலிருந்த இரும்பு
கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்திருக்கும்;
துணை போனபின் பொன்னுக்கு நீரில் என்ன வேலை?
எல்லாம் "இருக்கும்"தான்.
அறிக்கையில் அப்படி எழுதினால் சிவப்பு மையில் திரும்பும்.

நான் குடியிருப்பது சிவதாபுரத்தில்
துளசிராமின் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
ராத்திரி பதினொன்று வரை
கீழே சலங்கை முத்துகளைச் சல்லடையில் குலுக்குவார்கள்.
ஆசிட் வாசனை படியேறி என் சாம்பாருக்குள் வரும்.
வெள்ளிக்கிழமைகளில் பாவாயி வருவாள்,
என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
கூட்டிவைத்த குப்பைக்கு விலை பேச.

"டைல்ஸ் போட்டுட்டீங்க, இனிமே பாதி விலைதான்.
வழுவழுன்னு இருக்கிற தரை என்னத்தை வச்சுக்கும்?
பழைய சிமெண்டுல ஒரு வெடிப்பு ஓடுச்சே,
அதுல மட்டும் முப்பது கிராம் சொரண்டினேன்."
"எதிர்ப் பட்டறை மண் தரையாச்சே, அங்க போ."
"மண்ணு குடிச்சிரும்ணா. எல்லா இடத்துலயும் இருக்கும்,
எங்கயும் இருக்காது. அஞ்சு மூட்டை அள்ளணும்."

மாடிப்படியில் பல்துலக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தவள்
நுரையோடு இறங்கி வந்தேன்:
அந்த வெடிப்பில் எந்த இடத்தில் அதிகம்?
என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
"வளையிற இடத்துலக்கா. அங்கதான் அகலம்."

ஹைதராபாத்திலிருந்து முடிவு வந்தது.
படிகம், சுவர்ப்பாறை, இரண்டிலும்
சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.
கஞ்சம் என்றால் பொன் என்பார்கள் சித்தர் கோவில் வாசலில்,
தாமரை என்பவர்களும் உண்டு.
மேலாளர் போனில் சிரித்தார்:
"கஞ்சமலை, பேருக்கேத்த கஞ்சம்.
கல் சரியில்லை, மூடிருங்க."

கல் சரிதான் சார்.
பிளக்க வேண்டிய இடத்தில் பிளந்தது,
பல கோடி வருஷம் மூடாமல் வைத்திருந்தது,
இரும்பும் வைத்திருந்தது.
வந்த நீர் வெறுங்கையோடு வந்தால்
வீட்டுக்காரன் என்ன செய்வான்?
இதையும் அறிக்கையில் எழுதவில்லை.

யாக்கோபு ரிக்கைக் கழற்றி அரியலூருக்கு ஏற்றினார்.
இருபத்துமூன்று பெட்டிக்கும் ஆணி அடித்தேன்.
கல் அறுத்த சேறு ஒரு பக்கெட் மிச்சம்.
"அது யாருக்குக்கா?" என்றாள் பாவாயி.
ஒன்றுமில்லை அதில், ஆய்வுக்கூடமே சொல்லிவிட்டது.
"இருக்கட்டும், கழுவிப் பாக்கறேன்."

அடுத்த வெள்ளி
பக்கெட் குழாயடியில் கவிழ்ந்திருந்தது.
அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மூடியில் மட்டும் ஒரு சிட்டிகை கறுப்பு மணல்
காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள்.
காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.
எழுந்து நின்றது.