ஆறே முக்கால் கிலோ

சனிக்கிழமை, கிராஸ் வேலி.
பொருட்காட்சித் திடலின் வண்டி நிறுத்துமிடத்தில்
நீலக் கூடாரம், மேசை, தராசு, கந்தகப் பொடி.
ஆற்றில் எடுத்த பாதரசத்தை இங்கே கொடுங்கள்
கேள்வி கேட்க மாட்டோம் என்று ஒரு பலகை.
இந்த வேலையில் எனக்குக் கடினம்
அந்த இரண்டாவது வரிதான்.

முதலில் வந்தவர் உடைந்த தெர்மாமீட்டரோடு வந்தார்.
அடுத்தது டுவெய்ன் ஹாஸ்கல்.
ஊறுகாய் பாட்டிலை வயிற்றோடு அணைத்து
நிறைமாதக்காரி போல நடந்து வந்தார்.
பாட்டில் சின்னது,
முள் ஆறே முக்காலில் நின்றது.

பதினொரு வருடம், என்றார். ஞாயிறுதோறும்
முழங்கால் தண்ணீரில் குனிந்து
பாறை வெடிப்புக்குள் உறிஞ்சு புட்டியை விட்டால்
தங்கத்துக்கு முன்னால் இது வந்துவிடும்.
தங்கம்?
சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பி எடுத்தார்.
மிளகளவில் மூன்று, மற்றதெல்லாம் தூள்.

திறக்காதீர்கள் என்பதற்குள் மூடியைத் திறந்தார்.
இரண்டு முகங்கள் உள்ளே விழுந்தன,
மூக்கே பிரதானமாக.
ரசம் போன கண்ணாடி என்போம் ஊரில்.
போன ரசமெல்லாம்
இங்கே வந்து கிடந்தது.

யாரோ எப்போதோ
மரவாய்க்காலில் குடம் குடமாக ஊற்றியது.
பொன்னைக் கண்டால் விடாது, அதற்காக.
பிடித்ததைச் சுட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.
நழுவியது ஆற்றின் சொத்து.
ஆறு அதைச் செலவழிக்கவில்லை;
சேற்றுக்குக் கொடுத்தது, சேறு புழுவுக்கு,
புழு சின்ன மீனுக்கு, வட்டியோடு வட்டியாக.
இப்போது அணைக்கரையில் நான்கு மொழிகளில்
பெரிய பாஸ் மீன் வேண்டாம் என்று எழுதியிருக்கிறது.
நான்கில் தமிழ் இல்லை.
அங்கே தூண்டில் போடும் தமிழர் ஒருவரை எனக்குத் தெரியும்.
வாயாலேயே சொல்லிப் பார்த்தேன்,
ஒரே வீட்டில் இருந்தபோது.

உள்ளே கரைந்த தங்கம் இருக்குமே,
பிரிக்க முடியுமா, என்று கேட்டார் ஹாஸ்கல்.
முடியும். சட்டியில் வைத்துச் சுட வேண்டும்.
புகை நுரையீரலுக்குப் போகும்.
ஓ, என்றார்.
படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது
பேனா கட்டத்தைத் தாண்டி ஓடியது,
இழுத்துப் பிடித்தார், மறுபடி ஓடியது.
சுட்டதுண்டா என்று
நான் கேட்கவில்லை.

பாட்டிலைப் பைக்குள் இறக்கும்போதுதான்
கடுகளவு ஒன்று வெளியே உருண்டது.
மோதிரத்தின் கல் கையுறையைக் கிழித்திருந்ததை
அதுதான் முதலில் கண்டுபிடித்தது.
நகை கூடாது என்று
புதியவர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான்.
இரண்டு வருடமாகக் கழற்ற வரவில்லை,
சோப்புக்கும் எண்ணெய்க்கும் மசியவில்லை.
கண்ணெதிரே வெளுத்தது.
916 என்ற முத்திரை மட்டும்
வெள்ளையிலும் படிக்க முடிந்தது.

மரிசோல் கந்தகப் பொடியைக் கொட்டினாள்.
பொடியில் வழுக்கி, சாதாரணமாக,
வேறு யாருடையதோ போல
கழன்று வந்தது.

ஹாஸ்கல் குப்பியை என் பக்கம் நகர்த்தினார்.
புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள், என்றார்.
விதிப்படி வாங்கக்கூடாது, என்றேன்.
விதி இல்லாவிட்டாலும்
வாங்கியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

இன்னொரு படிவம் எடுத்தேன்.
பொருள்: பாதரசம் ஏறிய தங்கம்.
எடை: நான்கு கிராம்.
கொண்டுவந்தவர் பெயர் எழுதினேன்.
எந்த ஆற்றில் கிடைத்தது என்ற கட்டத்தில்
பேனா நின்றது.

பின்னால் யாரோ
காபி டின்னைக் கையில் வைத்துக்கொண்டு
இருமினார்.