ஒன்பதாவது அசைவு

வண்ணார்பேட்டை பைபாஸில்
ஏடிஎம் கண்ணாடிக் கூண்டுக்குள்
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை நான் காவல்.
பணத்துக்குக் குளிர்சாதனம் உண்டு,
அதனால் எனக்கும்.

காசோலைப் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்து
ஒன்றரை வருசம் குங்ஃபூ படித்தேன்.
சீனத்து மலையோ செட்டு போட்ட மலையோ,
அதன் முன்னால் மொட்டைத் தலையோடு ஒருவர்.
அவர் பேசுவது எனக்கு விளங்காது.
நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

குறை சொல்லக் கூடாது, நல்ல மனுசர்.
மூன்று மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார்.
நூறாவது தடவையும்
முஷ்டியை உள்ளங்கையில் வைத்து வணங்கித்தான் தொடங்குவார்.
வேர்க்காது. கொட்டாவி விடமாட்டார்.
நடுவில் யாராவது வந்து அட்டையைச் செருகினால்
தூக்கிய காலோடு அப்படியே காத்திருப்பார்.

சிசிடிவியும் எல்லாம் பார்த்தது.
சென்னையில் அதைப் பார்க்க ஆள் இருக்கிறதாம்.
ஒரு வார்த்தை வந்ததில்லை.

மொத்தம் அறுபத்தெட்டு அசைவு.
முழுசும் எனக்கு வரும் என்றுதான் இருந்தேன்,
ஒரு ஞாயிறு, வேலை முடிந்து நேரே
பாளையங்கோட்டைப் பள்ளி மைதானத்து ஓரம்
ஜெபராணி வகுப்புக்குப் போகும்வரை.

அவளுக்கு இருபத்தாறு வயசு. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை.
மாசம் அறுநூறு.
மற்ற எல்லாரும் பால்பல் விழுந்த பிள்ளைகள்,
என் காக்கிப் பேன்ட்டைப் பார்த்து
போலீஸ் என்று ஒதுங்கி நின்றார்கள்.

"தெரிஞ்சதச் செய்ங்க அண்ணாச்சி."
செய்தேன். பிள்ளைகள் வாய் பிளந்தார்கள்.
அவள் என் குதிங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எடது வலது மாத்திச் செய்தியளே,
நீங்க எடதுகையா?"
இல்லை. அவர் எனக்கு எதிரே நின்றார்.
கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வதுபோல்
ஒன்றரை வருசம்.

"அது போட்டும். ஒம்பதாவதுல
கொக்கு மாதிரி ஒத்தக்கால்ல ஏறினதும்
ஏன் அங்கன நின்னுட்டிய?"
"அப்படித்தான இருக்கு."
"எதுல?"
"வீடியோவுல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.
கூண்டுக்குள் டவர் ஒரு கோடுதான் வரும்.
ஒன்பதாவது அசைவுக்கு வரும்போது
திரை நடுவே அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்.
மூன்று நொடி, சில ராத்திரி ஐந்து.
அவர் நிற்பார். நானும் நிற்பேன்.
எதிரியை அளக்கிற இடம் என்று நினைத்திருந்தேன்.

ஜெபராணி முழங்காலைப் பிடித்துக் குனிந்து சிரித்தாள்.
காரணம் தெரியாமல் பிள்ளைகளும்.
வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது.

பிறகு பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து
என் குதிங்காலுக்கு அடியில் நுழைத்தாள்.
இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.
"இது சிக்குத வரைக்கும்
வேற ஒண்ணும் கெடையாது."

ஐந்து ஞாயிறு நின்றேன். வெறுமனே.
வீட்டில் செல்லக்கனி கேட்டாள்,
"நிக்கதுக்கு அங்க சம்பளம் தாரான்,
இங்க நாம குடுக்கமா?"
பதில் சொல்லத் தெரியவில்லை. தொடை நடுங்கியது.

ஒருநாள் ஜெபராணி காய்ச்சலோடு வந்தாள்.
பதினோராவதைத் தப்பாகக் காட்டினாள்.
"இது இல்ல" என்று நின்று,
கண்ணை மூடி, கையைக் காற்றில் துழாவி,
இடுப்பிலிருந்து மறுபடி கண்டுபிடித்தாள்.
ஒன்றரை வருசத்தில் அவர்
எனக்கு இதைக் காட்டியதே இல்லை.

ஆறாம் ஞாயிறு டிக்கெட் சிக்கியது.
அவள் இழுத்ததில் பாதி என் காலடியிலேயே நின்றுவிட்டது.

இப்போதும் மூன்று மணிக்கு அவரைக் கூப்பிடுகிறேன்,
வேறு யார் வருவார்கள் அந்நேரம்?
ஒன்பதாவதில் வட்டம் சுற்றுகிறது.
நான் நிற்பதில்லை.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று
வலதை வலதாகவே வைத்துப் போய்விடுகிறேன்.

பின்னால், காசோலைப் பெட்டிமேல்,
ஒற்றைக்காலில் அவர்.
கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.