நிகர எடை

நிறைவண்டி பதினெட்டு டன் நானூறு.
வெறும் வண்டி எட்டு டன் அறுநூறு.
கழித்தால் வருவது நிகர எடை.
கழித்து எழுதுவதுதான் எனக்கு வேலை,
ஊஞ்சப்பள்ளம் பிரிவு எடைமேடையில், ராத்திரி ஷிப்ட்.

நாட்ராயன் ஓட்டும் டேங்கர்
பன்னிரண்டு மணிக்கு நிறைந்து போகும்,
ஒன்றேகாலுக்குக் காலியாகத் திரும்பும்.
பில்லில் இருப்பதோ
அறுபது கிலோமீட்டருக்கு அப்பால்
ஒரு சுத்திகரிப்பு ஆலை.

எனக்குத் தெரியும். டீக்கடைக்குத் தெரியும்.
பள்ளத்தோரம் எருமை கட்டுகிறவர்களுக்கு
மூக்கே சொல்லிவிடும்.
ஆறு வருசமாக எல்லாருக்கும் தெரிந்த ஒன்று
யாருக்கும் தெரியாமல் இருந்தது.

மார்கழிப் பனியில் ஒரு ராத்திரி
வேலிமுள்ளுக்குப் பின்னால் நின்று
இருபத்தியாறு விநாடி எடுத்தேன்.
ரப்பர் குழாய், கருநீல நுரை,
குழாயைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கும் நாட்ராயன்.
அனுப்பியது ஒருத்திக்குத்தான்,
பெருந்துறையில் நர்ஸாக இருக்கும் சித்தி மகளுக்கு.
"பாரு புள்ள, நாங்க குடிக்கறத."

விடிவதற்குள் அது கரூர் தாண்டிவிட்டது.
மத்தியானம் துபாயிலிருந்து மாமன் மகன்:
"ஏம்புள்ள, நம்ம பள்ளமா அது?"
பொழுதோட யாரோ அதற்கு உடுக்கைச் சத்தம் சேர்த்திருந்தார்கள்.
இன்னொருவர் கடைசியில்
எந்த நாட்டு ஆற்றிலோ செத்து மிதந்த மீன்களை ஒட்டியிருந்தார்.
எங்கள் பள்ளத்தில் மீன் கிடையாது.
இருந்தால்தானே சாகும்.

அந்தக் கட்சி, இது இந்தக் கட்சியின் ஆலை என்றது.
இந்தக் கட்சி, எடுத்தது அந்தக் கட்சியின் ஆள் என்றது.
எடுத்தவன் என்ன சாதி என்று
முந்நூறு பேர் தர்க்கம் பண்ணினார்கள்.
எடுத்தவன்!
நான் ரசீது கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஜீப் வந்தது. பாட்டிலில் தண்ணீர் மொண்டார்கள்.
ஒன்பது நாள் டேங்கர் வரவில்லை.
ஒன்பது நாளும் தெருவில் இருப்பவர்கள்
டி.டி.எஸ். எவ்வளவு என்று பேசிக்கொண்டார்கள்,
வெங்காய விலை பேசுகிற மாதிரி.
பத்தாம் நாள் ஒரு மந்திரிக்கு மேடையில் வாய் தவறியது.
எல்லாரும் அக்கட்டால போய்விட்டார்கள்.
டேங்கர் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தது,
புது டிரைவரோடு.

ஆலைக்காரர் பெயர் ஒருத்தர் வாயிலும் வரவில்லை.
அவர்தான் வீடியோவில் இல்லையே.
இருந்தது ஒரே முகம்,
சிவப்பு வட்டம் போட்டு, பெரிசுபண்ணி.
அவர் மகள் பள்ளிக்கூடத்துக்கு
ஒரு வாரம் போகவில்லையாம்.

தை பிறந்து நாலாம் நாள்
மொபெட்டை மேடை மேலேயே நிறுத்தினார் நாட்ராயன்.
திரையில் நூற்று நாற்பது என்று எரிந்தது.
டீ வாங்கி வந்திருந்தார், எனக்கும் சேர்த்து.
கொஞ்ச நேரம் ஊதி ஊதிக் குடித்தார்.

"எடுத்தவங்க நல்லாத்தானுங்க எடுத்திருக்காங்க.
ஒரு அடி இக்கட்டால நின்னிருந்தா
டேங்கர்ல எழுதியிருக்கற கம்பெனிப் பேரும்
உழுந்திருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார்.
தெரிந்து சொன்னாரா என்று
அவர் போன பிறகும் கண்டுபிடிக்க முடியவில்லை.
டீ ஆறிப் போயிருந்தது.

அட்டாலி மேல் சாக்கில் கட்டிக்கிடந்தன
கையால் எழுதின ரசீதுகளின் கார்பன் நகல்கள்.
தேதி, மணி, வண்டி எண், அனுப்பிய கம்பெனி,
போனபோது எடை, வந்தபோது எடை.
எலி தின்றது போக ஆயிரத்து எழுநூறு இருக்கும்.
வண்டி வராத நேரம் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து
ஏற்றுகிறேன். உடுக்கை இல்லை, மீன் இல்லை,
முகமும் இல்லை.

இதுவரை நானூற்றிப் பன்னிரண்டு.
பார்த்தவர்கள் முப்பத்தொரு பேர்.
அதில் ஒருத்தர் எழுதியிருக்கிறார்,
மூன்றாவது ரசீதில் கழித்தல் தப்பு என்று.

போட்டுப் பார்த்தேன். சரிதான், பத்துக் கிலோ.
திருத்திவிட்டேன்.