அடுப்பு செத்த இரவு

பதினோரு மணிக்கு அடுப்பு செத்தது.
ஆகஸ்டில், அதுவும் சனிக்கிழமையில்,
நூற்றிருபது பாலாடைக்கட்டி அப்பங்கள்
பச்சை மாவாகத் தட்டுகளில் விழித்துக் கிடக்க.
மெக்கானிக் நாக்சோஸிலிருந்து வரவேண்டும்.
காலை ஏழு மணிக் கப்பலில் வருகிறாராம்,
காற்று விட்டால்.

பதினெட்டுக் கோடைகளாக
இந்தத் தீவின் இரவை
அதன் வால் நுனியில் மட்டுமே பார்த்தவள் நான்.
நாலு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள்
ஆடி முடித்தவர்கள்.
முதுகெல்லாம் மணல், கண்ணெல்லாம் பசி.
ஈரமான ஐந்து யூரோ நோட்டை நீட்டி
கிரேக்கத்தில் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லான
'நன்றி'யைச் சொல்வான் ஒரு டச்சுக்காரன்.
கீரை அப்பம் வேண்டுமாம் அவனுக்கு.
புரிந்துகொள்வேன்.
போன வருஷம் இடதுகால் செருப்போடு மட்டும் வந்தவள்
மாவு மூட்டைமேல் உட்கார்ந்து தேம்பினாள்.
பாதி அப்பத்தில் அழுகை நின்றது.
மீதிப் பாதியை என்னிடம் நீட்டினாள்.
நான் சுட்டதுதான்,
ஆனாலும் யாரோ கொடுத்ததுபோல் ருசித்தது.

இன்று ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
பூட்டுக்குச் சாவி தேடியே அரைமணி போனது,
இரவில் பூட்டிப் பழக்கமில்லை.

ஸ்டமாதிஸ் பகலில் சாய்வுக்கட்டில் வாடகைக்கு விடுகிறவன்.
முன்வரிசை பன்னிரண்டு யூரோ, பின்வரிசை எட்டு,
கடல் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.
இருட்டியதும் கட்டில்களை அடுக்கிவிட்டு
அதே மணலில் பார் நடத்துகிறான்.
என்னைப் பார்த்ததும் பாட்டிலைக் கீழே வைத்தான்.
"ஆர்கிரோ! யார் செத்தது?"
"அடுப்பு."
தொப்பியைக் கழற்றினான்.
இரண்டு ராக்கி ஊற்றினான், துக்கத்துக்குக் காசில்லை என்று.

அந்தத் தாளம் எனக்குப் புதிதல்ல.
சுவர் வழியாகப் பதினெட்டு வருஷப் பழக்கம்.
சீனி டப்பாவின் மூடி
இந்த இடத்தில்தான் நடுங்கும்,
இதோ, இந்த இடத்தில்தான்
அலமாரியிலிருந்து கரண்டி விழும்.
ஆடத் தெரியாது. பிசையத் தெரியும்.
பிசைந்தேன்.
காற்றை மடித்து, அழுத்தி, திருப்பிப் போட்டு,
மறுபடி மடித்து.
போலந்திலிருந்து வந்த ஐந்து நர்ஸுகள்,
அதில் ஒருத்திக்கு விவாகரத்தாம், தலையில் காகிதக் கிரீடம்,
என் எதிரே வரிசைகட்டி அதையே செய்தார்கள்.
இவ்வளவு பேர் பிசைந்தால்
ஏதென்ஸுக்கே ரொட்டி போடலாம்.

மூன்று மணிக்குக் கடலில் இறங்கினோம்,
போட்ட துணியோடு.
ஈஸ்ட் கரைக்கத் தண்ணீர் காய்ச்சுவேனே,
விரல் வைத்தால் சூடென்றும் தெரியாமல்
குளிரென்றும் தெரியாமல்,
அந்தப் பதம்.
இங்கேயே பிறந்தவள்,
கடைசியாக எப்போது குளித்தேன் என்று
எண்ணிப் பார்க்கத் தொடங்கி
விட்டுவிட்டேன்.
தலைமுடியில் இருந்த மாவு பசையாகி
கிரீடத்துக்காரியின் தோளில் ஒட்டியது.
சிரித்தாள். உப்புத்தண்ணீர் குடித்தாள். மறுபடி சிரித்தாள்.

நாலு மணி.
யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் பசித்தது.
கூட்டம் சந்தேறி நடந்தது, நானும் நடந்தேன்.
கால் போன இடம் என் கடை.
டச்சுக்காரர்கள், நர்ஸுகள், யாரோ இரண்டு மாலுமிகள்,
அவர்களுக்குப் பின்னால், சொட்டச்சொட்ட, நான்.
முன்னால் நின்றவன் தட்டினான்.
திறக்கவில்லை.
இன்னொரு முறை தட்டினான்.
"எங்கே போனாள் இந்த அம்மா?" என்று
இத்தாலியில் யாரோ கோபப்பட,
எனக்கும் கொஞ்சம் கோபம் வந்தது அவள்மேல்.

பிறகு திறந்தேன்.
காய்ந்த ரஸ்க், தக்காளி, ஆலிவ், ஒரு கல்லுப்பு.
படியிலேயே உட்கார்ந்து தின்றோம்.
காசு வாங்க மறந்ததா வேண்டாமென்று விட்டதா,
இப்போது சரியாக நினைவில்லை.

கப்பல் ஊதியது. காற்று விட்டிருந்தது.
பெட்டியும் கையுமாக வந்த மெக்கானிக்
என் தலையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்,
அடுப்புக்குள் டார்ச் அடித்தார்.
"இரண்டு மூன்று நாள் ஆகுமோ?" என்றேன்.
"கவலையே வேண்டாம்மா, பத்து நிமிஷம்."

பாவம், நல்ல மனிதர்.