விலாசம் சரிபார்ப்பவன்

வீட்டுக்கு எண்பது ரூபாய். பெட்ரோல் என் கணக்கு.
கதவைப் படம் எடுக்க வேண்டும்,
மின்மீட்டரைப் படம் எடுக்க வேண்டும்,
அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம்
ஆள் எப்படி என்று கேட்க வேண்டும்.
கடைசியில் ஒரு கட்டம்.
பகுதி: பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ்.

வியாசர்பாடிக்கு வந்தால்
அந்தக் கட்டத்தை நான் தொடவே தேவையில்லை.
பின்கோடு அடித்த மறுநொடி
அதுவே சிவந்துவிடும்.

சாதி கேட்கும் இடம் படிவத்தில் இல்லை.
தேடிப் பார்த்திருக்கிறேன்.
தெருப்பெயர் கேட்கிறார்கள், பிளாக் எண் கேட்கிறார்கள்.
அதற்குப் பிறகு
அதை வேறு தனியாகக் கேட்பானேன்.

ஐப்பசி மழை. சுரங்கப்பாதையில் முட்டி வரை தண்ணீர்.
வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டு
தண்டவாளம் தாண்டிப் போனேன்.

மூன்றாம் மாடி.
பெயர் அமலோற்பவம், வயது நாற்பத்தொன்று.
கேட்டது நாற்பதாயிரம்.
காரணம்: மாவு அரைக்கப் பெரிய கிரைண்டர்.

படத்தில் விழும் உயரம் வரைக்கும்
சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள்.
அதற்கு மேலே பழைய ஈரம்.
எனக்குப் போட்ட நாற்காலியின் முதுகில்
ஜே.பி. சவுண்ட் சர்வீஸ் என்று எழுதியிருந்தது.
உட்கார்ந்ததும் கொண்டுவந்து நீட்டினாள்
மூடி உடைக்காத இருபது ரூபாய்த் தண்ணீர் பாட்டில்.
"ஆபீஸ்ல இருந்து வர்றவங்க
நம்ம ஊட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்க."

வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து
"இன்னா சார், போலீசா?" என்றார்.
அதற்கும் அடுத்த வீட்டில் திறக்கவே இல்லை.
டிவி மட்டும் சத்தம் குறைந்தது.

திரும்பி வந்தபோது அவள்
என் கழுத்து அட்டையைப் படித்துக்கொண்டே கேட்டாள்:
"நீ எட்டாவது பிளாக்கு தேசிங்கு பையன்தானே?
இதுல பெரம்பூர்னு போட்டிருக்கு?"
"அது மாமா வீட்டு அட்ரஸ்க்கா."
"ம்."
அந்த ம்முக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிறகு ஸ்டவ்வுக்கு மேலே சொருகியிருந்த
தண்டல் அட்டைகளை எடுத்துப் போட்டாள்.
ரப்பர் பேண்ட் போட்ட கட்டு, எண்ணெய்ப் பிசுக்கு.
"எட்டாயிரத்து ஐநூறு கையில குடுப்பான்.
தினம் நூறு, நூறு நாளு.
வருஷத்துக்கு மூணு தபா, ஆறு வருஷமா.
கணக்குப் போடு, நீ படிச்ச பையன்."

போட்டேன். வட்டி மட்டும் இருபத்தேழாயிரம்.

"பாதி கிரைண்டருக்கு மேல அவன் வாயில போயிடுச்சி.
காசு இல்லாதவ கட்ட மாட்டான்னு எவன்பா சொன்னது?
ஒரு நாள் உட்டிருக்கேனா பாரு.
பெரிய ஆஸ்பத்திரில அவரு செத்த அன்னிக்கும்
சாயங்காலம் நூறு ரூபா குடுத்துட்டுதான்
பொட்டிக்குச் சொல்லி அனுப்பினேன்."

பார்த்தேன். ஒரு நாளும் விடவில்லை.
எல்லாக் கட்டத்திலும் தண்டல்காரன் கிறுக்கிய கையெழுத்து.
அவனுக்கு மட்டும் எங்கள் பின்கோடு
சிவப்பாகத் தெரிவதே இல்லை.
மழையில்கூட மூன்று மாடி ஏறி வருவான்.

குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு, இருநூறு எழுத்துக்கு.
'தவணை தவறாதவர், அட்டைகள் பார்த்தேன்' என்று
தமிழில் அடித்தேன்.
தவறான எழுத்துகள் என்று திருப்பி அனுப்பியது.
ஆங்கிலத்தில் அடித்தேன். ஏற்றுக்கொண்டது.
பகுதி சிவப்பாகவே இருந்தது.

படி இறங்கும்போது மேலிருந்து கேட்டாள்,
"வருமாடா?"
சார் போய் டா வந்திருந்தது.
"சொல்வாங்கக்கா" என்றேன்.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான்
தாகம் எடுத்தது.
பாட்டில் பையில் இருந்தது, மூடி உடையாமல்.
கதவோரம் அவள் வீட்டுக் குடம் இருந்தது,
பச்சை, நசுங்கிய வாய்,
மேலே கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்.
எங்கள் வீட்டுக்கு வரும் அதே லாரித் தண்ணீர்.
ஒரு வாய் கேட்டிருக்கலாம்.
எண்பது ரூபாய்க்காரன்
கேட்கவில்லை.